நாலு குழி நிலமும் மூடிய எல்லையும்



பேத்திக்குப் பள்ளியில் ஒரு ப்ராஜெக்ட். கொரோனா ஊரடங்கின்போது வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டு எழுதி வர வேண்டுமாம். அது நடந்தபோது அவளுக்கு மூன்று வயது. அவளுக்கு அது அசோகர் காலம் மாதிரி. "தாத்தா, நீங்க என்ன செஞ்சீங்க?" என்றாள். "தோட்டம் போட்டேன்" என்றேன். ஒரு வரி எழுதிக்கொண்டு ஓடிவிட்டாள். முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு நடத்தியவன் ஒரு வரியோடு விடுவேனா? பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் லைக் போட்டுவிட்டு நகரலாம். என் வகுப்பில் பின் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு அது பழக்கம்தான்.

2020 மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை கை தட்டினோம், தட்டு தட்டினோம். 24-ஆம் தேதி இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். மறுநாள் முதல் 21 நாள் ஊரடங்கு. அது மே 3 வரை, மே 17 வரை, மே 31 வரை என்று நீண்டுகொண்டே போனது உங்களுக்குத் தெரியும். மற்ற ஊர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் நம் கொம்யூன்களுக்கு இருந்தது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

புதுச்சேரி என்பது ஒரே நிலப்பரப்பு கிடையாது. துண்டு துண்டாகக் கிடக்கும் ஊர்கள். பாகூரிலிருந்து உள்வழியாக எங்கே கிளம்பினாலும் நடுவில் ஒரு தமிழ்நாட்டு ஊர் வந்துவிடும். வீடு புதுச்சேரியில், நிலம் கடலூர் மாவட்டத்தில் என்று எத்தனை பேர் இருக்கிறார்கள்! முள்ளோடையில் தடுப்பு வைத்தார்கள். சின்னப் பாதைகளில் முள்ளை வெட்டிப் போட்டார்கள், மண்ணைக் கொட்டினார்கள். காய்கறி லாரிக்கு அனுமதி உண்டு என்று அறிவிப்பு வந்தது உண்மை. ஆனால் டிரைவர் வர வேண்டுமே! பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். நெல், கரும்பு, வாழை என்றால் இங்கே இருக்கிறது. காய்கறிக்கு நாம் கடலூரையும் ஒட்டன்சத்திரத்தையும் பெங்களூரையும் கோயம்பேட்டையும் நம்பி வாழ்கிறவர்கள். மே 5-ஆம் தேதி கோயம்பேடு மார்க்கெட்டையே மூடித் திருமழிசைக்கு மாற்றினார்கள். அங்கிருந்து ஊர் திரும்பியவர்கள் மூலமாகக் கடலூரிலும் விழுப்புரத்திலும் தொற்று பரவியபோது, எல்லை இன்னும் இறுகியது.

இந்த எல்லை எப்படி வந்தது என்பது வகுப்பில் நான் ஆசையாக நடத்தும் பாடம். ஞாபகம் இருக்கிறதா? டூப்ளே காலத்தில், தட்சிணத்தின் வாரிசுச் சண்டையில் தனக்கு உதவியதற்காக முசாபர் ஜங் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஊர்களைக் கொடுத்தார். 1752-இல் பாகூரிலேயே லாரன்சின் படையும் கெர்ழானின் படையும் மோதின. 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய், திரும்ப வந்து, மறுபடி போனது. பிறகு 1783 செப்டம்பர் 3. அமெரிக்காவுக்கு விடுதலை கொடுத்து இங்கிலாந்து கையெழுத்துப் போட்ட அதே நாளில், வெர்சாயில் பிரான்சோடும் ஓர் உடன்படிக்கை ஆனது. அதில் புதுச்சேரியைத் திருப்பித் தருவதோடு, அதற்குக் கூடுதல் ஆதரவாகப் பாகூரையும் வாங்கித் தருவதாக இங்கிலாந்து மன்னர் ஒப்புக்கொண்டார். பாகூர் என்ற பெயர் எழுத்திலேயே இருக்கிறது. "வாஷிங்டனுக்கு விடுதலை கிடைத்த அன்றைக்கு நம் ஊரை யாருக்குத் தருவது என்றும் பேசினார்கள். பாகூர்க்காரன் ஒருவனையாவது கேட்டார்களா?" என்று நான் மேசையைத் தட்டுவேன். நீங்கள் எல்லோரும் "இல்லை சார்" என்று கத்துவீர்கள். அந்த இடத்தில் எனக்கு ஒரு பெருமை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

எல்லை மூடுவதும் நமக்குப் புதிதல்ல. 1941-இல் பிரிட்டிஷ் இந்தியாவோடு சுங்க ஒப்பந்தம் இருந்தது. 1949-இல் அது முடிந்து, நம்மைச் சுற்றிச் சுங்கச் சாவடிகள் வந்தன. 1954-இல் இன்னும் கடுமை. அந்த மார்ச் 31-ஆம் தேதி நெட்டப்பாக்கத்தில் குபேர் இந்தியக் கொடியை ஏற்றினார். அக்டோபர் 18-ஆம் தேதி, வில்லியனூர் கொம்யூனில் இருக்கும் கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறியது. நான் பிறந்தது அதற்கு அடுத்த வருடம்.

எல்லை மூடிய அந்த நாட்களைப் பற்றி என் ஆயா பேசும்போது ஒரு தடவைகூடப் பட்டினி என்று சொன்னதில்லை. யுத்த காலத்தைப் பற்றித்தான் சொல்லும். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது, பர்மா அரிசி நின்றது. அதற்கு அடுத்த வருடம் வங்காளத்தில் சுமார் 30 லட்சம் பேர் செத்தார்கள். அரசாங்கம் அதிக உணவு விளைவிக்கும் இயக்கம் நடத்தியது. பாடப் புத்தகத்தில் அது ஒற்றை வரி. என் ஆயாவுக்கு அது கொல்லை. முருங்கை, வாழை, கூரைமேல் சுரை, கிணற்றடியில் சேம்பு, வேலியில் அவரை. "அரிசிக்குத்தான் வரிசையில நின்னோம். கொழம்புக்கு எவன் வாசலுக்கும் போகல" என்று சொல்லும். இங்கிலாந்தில் அதே யுத்தத்தில் பூங்காக்களைக் கொத்தி உருளைக்கிழங்கு போட்டார்கள். அங்கே ஏழைத் தொழிலாளிக்கு ஊராட்சி ஒரு துண்டு நிலத்தைக் குறைந்த வாடகைக்குத் தர வேண்டும் என்று 1908-லேயே சட்டம் உண்டு. வழக்கமான அளவு நம் கணக்கில் ஐந்து குழிக்குக் கொஞ்சம் குறைவு. பிரான்சில் லெமிர் என்ற பாதிரியார் 1896-இல் தொழிலாளர் தோட்டங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். நமக்கு அப்படிச் சட்டமோ சங்கமோ தேவைப்படவில்லை, வீட்டுக்குப் பின்னால் கொல்லை இருந்தது என்று நான் வகுப்பில் சொல்வேன். யாருக்குக் கொல்லை இருந்தது, யாருக்கு இல்லை என்று நான் சொன்னதாக ஞாபகம் இல்லை.

சரி, 2020-க்கு வருவோம். எங்களுக்கும் அப்போது கொல்லை இல்லை. பழைய கொல்லையில்தான் இப்போதைய வீட்டின் சமையலறையும் மாடிப்படியும் நிற்கின்றன. அப்பாவின் நஞ்சை ஒரு காணி, அதாவது நூறு குழி, பாகூர் ஏரிப் பாசனத்தில் கடைமடை. அதை 2007-இல் விற்றேன். மகளுக்குக் கல்யாணம், மகனுக்கு என்ஜினீயரிங். வாங்கியவர் மனைப்பிரிவு போட்டார். பதினாறு மனை, நடுவில் ரோடு. என் அக்கா மகன் பிரான்சில் இருக்கிறான். சொல்தா குடும்பம், அவன் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். "தாத்தா நிலமாச்சே மாமா" என்று ஒரு மனையை வாங்கிப் போட்டான். நாற்பதுக்கு அறுபது. நாலு குழிக்குச் சற்று அதிகம். ஐந்தாறு வீடு எழும்பியிருந்தது. மற்ற இடமெல்லாம் சீமைக்கருவேலம்.

ஏப்ரல் முதல் வாரம் அவன் போன் பண்ணினான். அங்கேயும் மார்ச் 17 முதல் அடைப்பு. வெளியே போக ஒரு படிவம் எழுதிக் கையில் வைத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம், வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர், அவ்வளவுதான். அவன் பாரிசுக்கு வெளியே லெமிர் பாதிரியார் வகையறாத் தோட்டம் ஒன்றில் ஒரு துண்டு வாடகைக்கு வைத்திருக்கிறான். அது வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். "விதை போடற நேரம் மாமா, போக முடியல" என்று புலம்பினான். நான் இங்கே வெண்டைக்காய் கிடைக்கவில்லை என்று புலம்பினேன். "என் மனை சும்மாத்தானே கிடக்குது, போடுங்களேன்" என்றான். அப்படித்தான் ஆரம்பித்தது. பிரான்சில் தோட்டத்துக்குப் போக முடியாதவன் கொடுத்த இடத்தில், நான் விற்ற நிலத்தில், நான் தோட்டக்காரனானேன்.

முதல் நாள் மம்முட்டியைப் போட்டால் 'டங்' என்றது. பக்கத்து வீடு கட்டியபோது கொட்டிய ஜல்லி, உடைந்த ஓடு, சிமெண்ட் கட்டி. மூன்று நாளில் கை கொப்பளித்தது. என் வீட்டம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்துக்கொண்டே சிரித்தார். நான்காம் நாள் ஒரு குரல். "அங்க ஏன் வாத்தியாரே கொத்துற? அது வரப்பு மேடு. இந்தாண்ட வா, வண்டல் இருக்கு."

அவரை எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் நிலத்தில் நடவு, களை, அறுப்பு எல்லாம் அவர்தான். முப்பது வருடம் இருக்கும். என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஆனாலும் எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகூட அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். அந்தக் கோடையில் நூறு நாள் வேலையும் நின்றிருந்தது, நடவு வேலையும் இல்லை. காலனியில் அவர் வீடு ஒன்றரை சென்ட். அதற்கு முன்னும் பின்னும் தெருதான்.

அவர் வந்த பிறகு அது தோட்டமாயிற்று. கல் பொறுக்கி ஓரத்தில் அடுக்கினோம். பாத்தி கட்டினோம். சித்திரை பிறந்த வாரம் தண்டுக்கீரையும் அரைக்கீரையும் தெளித்தோம். கீரை விதை தூசி மாதிரி இருக்கும், மணலோடு கலந்து தூவ வேண்டும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டு போரிலிருந்து ஹோஸ் இழுத்து, விடிவதற்குள் தண்ணீர். இருபத்தைந்தாம் நாள் கீரை பிடுங்கினோம். விளைந்ததில் பாதிக்குப் பாதி என்று முதல் நாளே அவர் பேசிவிட்டார். "வாரம்னா வாரந்தான். சும்மா குடுக்கறதுன்னா நான் வரல." கூட வந்ததை மனைப்பிரிவிலிருந்த ஐந்தாறு வீட்டு வாசலிலும் வைத்துவிட்டுத் தள்ளி நின்று குரல் கொடுப்போம். முகக்கவசத்தோடு கீரைக்கட்டை எடுத்துப் போவார்கள்.

எல்லாம் நன்றாக வந்தது என்று நினைக்காதீர்கள். புத்தகம் படித்த திமிரில் நான் பச்சைச் சாணியை அப்படியே கத்தரிக்குப் போட்டேன். மக்காத சாணி கரையானுக்கு விருந்து. ஒரு வாரத்தில் பத்துக் கன்று வேரோடு போனது. கத்திரி வெயிலில் தக்காளி பூவெல்லாம் உதிர்ந்தது. வெண்டையில் மஞ்சள் தேமல் வந்து, பிடுங்கிக் கொளுத்த வேண்டியதாயிற்று. கொத்தவரை மட்டும்தான் எங்களை மதித்தது.

ஒரு நாள் காலை, பக்கத்து வீட்டுச் சுவர் நிழலில் உட்கார்ந்து கீரைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தோம். ஒரு முனைக்கு அவர், ஒரு முனைக்கு நான், நடுவில் ஆறடி. மனையின் தென்மூலையைக் காட்டி, "அதுதான் மடைவாய். வாய்க்கால் தண்ணி அங்கதான் உள்ள வரும். உளுந்து போட்டா அந்தப் பக்கம் மட்டும் அழுகிடும். உங்க அப்பாவுக்குத் தெரியும்" என்றார். எனக்குத் தெரியாது. நான் பள்ளிக்கூடத்துக்குப் போனவன். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரிந்து, பங்காரு வாய்க்காலாகப் பாகூர் ஏரிக்கு வந்து, அங்கிருந்து எங்கள் வயலுக்கு வந்த தண்ணீர். சொர்ணாவூரிலிருந்து பாகூர் வரை வகுப்பில் வரைபடம் போட்டிருக்கிறேன். அது என் அப்பா நிலத்தில் எந்த மூலையில் நுழைந்தது என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

கட்டு கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், அடுத்ததைச் சொன்னார். "வித்தப்போ எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே வாத்தியாரே. அந்தத் தை மாசம் உளுந்துக்குக் களை எடுக்கலாம்னு களைக்கொத்து எடுத்துக்கிட்டு வந்தேன். மஞ்ச பெயிண்ட் அடிச்சுக் கல்லு நட்டு வெச்சிருந்தாங்க. யாரோ அளந்துக்கிட்டிருந்தாங்க. திரும்பிப் போயிட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கீரையில் ஒரு பூச்சி இலையைக் கிள்ளி எறிந்தார். நான் என்ன சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஒன்றும் சொல்லவில்லை. பத்திரத்தில் யார் யார் கையெழுத்து வேண்டும் என்று 2007-இல் எனக்குத் தெரிந்திருந்தது. அக்கா, தம்பி, சித்தப்பா மகன். குழி, வீசம், பிரெஞ்சுக் கணக்கில் ஆர், சாந்தியார் எல்லாம் சரிபார்த்தேன். அந்த நிலத்தில் எல்லோரையும்விட அதிக நாள் குனிந்து நின்றவருக்கு ஆள் அனுப்பி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. வெர்சாய்க்காரன் பாகூரைக் கேட்கவில்லை என்று அதே வருடமும் வகுப்பில் மேசையைத் தட்டியிருப்பேன்.

மறுநாள் காலையில் அவரை "அக்கா" என்று கூப்பிட்டேன். வாய் கொஞ்சம் தடுமாறியது. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "ஹோஸைப் பிடி, தண்ணி வீணாப் போவுது" என்றார்.

அந்த வருடம் வில்லியனூர்த் தேர் ஓடவில்லை. என் வீட்டம்மாவின் பிறந்த ஊர் அது. பிரெஞ்சு கவர்னர் காலத்திலிருந்து ஆட்சியாளர் வந்து வடம் பிடிக்கும் தேர். தேர் நாளன்று அவர் திருக்காமீசுவரர் இருக்கும் திசையைப் பார்த்து வாசலில் ஒரு கற்பூரம் ஏற்றினார், அவ்வளவுதான். ஆடியில் புதுச்சேரியில் தொற்று ஏறத் தொடங்கியது. ஆவணி, புரட்டாசியில் உச்சம். என்னோடு இருபது வருடம் ஒரே ஸ்டாஃப் ரூமில் இருந்த கணக்கு வாத்தியார் தினமும் மாலையில் போன் பண்ணி "இன்றைக்கு என்ன காய்?" என்று கேட்பார். செப்டம்பரில் ஒரு மாலை போன் வரவில்லை. முகம் பார்க்கப் போக முடியவில்லை. அவருக்கென்று எடுத்து வைத்திருந்த பீர்க்கங்காய் முற்றிப் போயிற்று. விதைக்கு ஆகும் என்று அக்கா எடுத்துக்கொண்டார். 1918-இல் விஷக் காய்ச்சல் வந்த வருடம் மழையும் பொய்த்து, இந்தியாவில் ஒரு கோடிக்கு மேல் செத்தார்கள் என்று நான் எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அதை எழுதும்போது சாக்பீஸ் ஒரு தடவையும் கனக்கவில்லை.

ஆடிப்பட்டத்தில் அவரை, புடல், பீர்க்கன் போட்டோம். சவுக்குக் கொம்பு நட்டுப் பந்தல். நவம்பர் 25 இரவு நிவர் புயல் மரக்காணம் பக்கம் கரையேறியது. காலையில் போய்ப் பார்த்தால் பந்தல் மொத்தமும் மண்ணில். அக்கா அதை நிமிர்த்த விடவில்லை. "கொடி முறிஞ்சிடும், அப்படியே கிடக்கட்டும்" என்றார். மார்கழியில் தரையில் படுத்த பந்தல் மேலேயே அவரை பூத்தது. அந்த வருடப் பொங்கலுக்குக் கூட்டுக் காய் முழுக்க அங்கிருந்துதான். இரண்டு வீட்டுக்கும்.

2022-இல் அக்கா மகன் வீடு கட்டினான். தவறொன்றும் இல்லை, அவன் வாங்கிய மனை. பிரான்சில் அவன் பக்கத்து ஊரான ஓபெர்வில்லியேவில், ஒலிம்பிக் நீச்சல் குளத்துக்காக 2021-இல் தொழிலாளர் தோட்டத்தில் ஒரு பகுதியை இடித்தார்கள். அதற்கு எதிராக அங்கே போய்க் கையெழுத்துப் போட்டவன் அவன்! இதைச் சொல்லிக் கேலி பண்ணினேன், சிரித்தான். பூமி பூஜைக்கு முன்பு மறக்காமல் அக்கா வீட்டுக்கு நானே நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். "எப்போ?" என்று கேட்டார். நாள் சொன்னேன். அதற்கு முதல் நாள் வந்து, கொடியில் காய்ந்து கிடந்த கடைசி நெற்றையெல்லாம் பறித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார். தென்மூலையில் மடைவாய் இருந்ததை நான் அக்கா மகனிடமும் சொன்னேன். என்ஜினீயர் இரண்டடி உயர்த்தினால் போதும் என்றார்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் வந்ததும், அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பொங்கியதும் உங்களுக்கு நினைவிருக்கும். பாகூர்ப் பக்கம் வயலெல்லாம் கடல். அந்த வீட்டில் தண்ணீர் நுழைந்தது தென்மூலை வழியாக. வண்டி நிறுத்தும் இடத்தில் முழங்கால் அளவு நின்று, வாய்க்கால் இருந்த திசையிலேயே மெல்ல வடிந்தது. வீடியோ காலில் அக்கா மகனுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு அக்கா வந்து நின்றார். அவன் "ஆயா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டான். "நான் நல்லாத்தான் இருக்கேன். தண்ணி எங்க நிக்குது பாத்தியா?" என்று கேட்டுவிட்டு, போனை என்னிடமே கொடுத்தார்.

இந்த ஆடிக்கும் விதை கொடுத்தார். அவரை, கொஞ்சம் பீர்க்கன். மொட்டை மாடியில் சிமெண்ட் சாக்கில் போட்டிருக்கிறேன். பீர்க்கன் முளைத்துவிட்டது, அவரை இன்னும் இல்லை. யாரிடமாவது நல்ல மக்கிய எரு இருந்தால் சொல்லுங்கள், நானே வண்டி எடுத்து வந்து வாங்கிக்கொள்கிறேன்.